எங்கள் ஃபிரிட்ஜில் கேஸ் தீரவே இல்லை

பாளையங்கோட்டை,
16.06.2025

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 2012-இல் வாங்கிய 240 லிட்டர் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜுக்குத் தேவையில்லாமல் கேஸ் ஏற்றியது, அதற்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். என் புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று உங்களிடமிருந்து இரண்டு முறை குறுஞ்செய்தி வந்துவிட்டது. தீர்த்தது நீங்கள் இல்லை என்பதால் இந்தக் கடிதம்.

2012 தீபாவளிக்கு வாங்கிய பெட்டி. பதின்மூன்று கோடை பார்த்துவிட்டது, அதுவரை ஒரு பல்பு மாற்றியதைத் தவிர செலவே வைக்கவில்லை. இந்த மே முதல் வாரம், கத்திரி தொடங்கிய நேரத்தில், கீழ்த்தட்டில் வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து கிடந்தது. மறுநாள் பால் திரிந்தது. மேலே ஃப்ரீசரில் மட்டும் ஐஸ் கட்டி கல் மாதிரி உறைந்திருந்தது. பையன் ஒரு சின்ன தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தான்: ஃப்ரீசரில் மைனஸ் 11, கீழே 16 டிகிரி. கீழே 4, 5 டிகிரி இருக்க வேண்டிய இடம் அது. என் அத்தையின் இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் கொண்டுபோய் வைத்தோம். தினம் காலையில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி ஊசி மருந்து கேட்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, அதை விடுங்கள்.

உங்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் பார்த்துவிட்டேன். சுவரிலிருந்து அரையடி தள்ளித்தான் இருக்கிறது. ஸ்டெபிலைசர் 225 வோல்ட் காட்டுகிறது. கதவு ரப்பரில் காகிதத்தைச் செருகி இழுத்தால் நான்கு பக்கமும் பிடித்துக்கொள்கிறது. காற்று வரும் துவாரங்களை எதுவும் மறைக்கவில்லை. ஆனால் ஃப்ரீசருக்குப் பின்னாலிருந்து, தகரத்தில் எதுவோ உரசுவதுபோல ஒரு கரகர சத்தம் விட்டுவிட்டு வந்தது. இதையெல்லாம் மே 8-ஆம் தேதி போனிலேயே சொன்னேன். எழுதிக்கொண்டதாகவும் சொன்னார்கள்.

மே 10 வந்த தம்பியிடம் மறுபடி சொன்னேன். “பழசுன்னா சத்தம் இருக்கத்தான் செய்யும் மேடம்” என்றார். கீழ்க்கதவைத் திறந்து கையை வைத்துப் பார்த்தார். “கேஸ் போயிருச்சு.” அவ்வளவுதான் சோதனை. ஃப்ரீசருக்குள் இருக்கும் பின்பக்க மூடியை அவர் கழற்றவே இல்லை. நான்கு ஸ்குரூ, சார்.

காலை 11 மணிக்குப் பெட்டியை அணைத்து, இரண்டு கதவையும் திறந்து போட்டுவிட்டு, சிலிண்டர் எடுத்து வரப் போனவர் சாயங்காலம் 5 மணிக்குத்தான் வந்தார். கம்ப்ரஸரில் இருந்த சின்னச் செம்புக் குழாயை வெட்டினார். புஸ்ஸென்று சீறியது. அடுப்படியில் நின்ற நான் பயந்து வெளியே வரும் அளவுக்குச் சீறியது, நிற்கவும் நேரமானது. இப்போது கேட்கிறேன்: கேஸ் தீர்ந்துபோன பெட்டிக்குள்ளிருந்து அவ்வளவு நேரம் சீறியது எது? இருந்த நல்ல கேஸை வெளியே விட்டுவிட்டு, வேறு கேஸை எனக்கு 2,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறீர்கள்.

அதையும் ஒழுங்காகச் செய்தாரா என்றால், அதுவும் இல்லை. ஃபிரிட்ஜ் கேஸ் வண்டிக்குப் போடும் பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்வதற்கு. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைத் தேடினாரா? சோப்பு நுரைகூடத் தடவவில்லை. ஃபில்டர் மாற்றவில்லை. புது கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும், அதற்கான வேக்கம் பம்பைக் கொண்டுவரவே இல்லை. பெட்டியின் பின்னால் உங்கள் நிறுவனமே ஒட்டிய ஸ்டிக்கரில் ‘ஆர்134ஏ, 120 கிராம்’ என்று கேஸின் வகையும் அளவும் இருக்கிறது. எடை பார்க்கும் மெஷினும் அவரிடம் இல்லை. மீட்டர் முள்ளைப் பார்த்தார், குழாயைத் தொட்டுப் பார்த்தார், போதும் என்றார். விசிட் சார்ஜ் 450-ஐயும் சேர்த்து 2,950 ரூபாய் வாங்கிக்கொண்டு, பெட்டி குளிர்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே “ஓடிபி சொல்லுங்க மேடம்” என்றார். அதைச் சொன்னால் வேலை முடிந்ததாகப் பதிவாகிவிடும். நானும் சொன்னேன். என் தப்புதான்.

அன்று பின்பக்கத் தட்டு நிரம்பித் தரையெல்லாம் தண்ணீர். நான்தான் துணி போட்டுத் துடைத்தேன். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பெட்டி ஒன்பது நாள் நன்றாகக் குளிர்ந்தது. மே 19-ஆம் தேதி மறுபடி அதே கதை, அதே கரகர சத்தம். 22-ஆம் தேதி வந்த வேறொரு தம்பி, கம்ப்ரஸர் வீக் என்றார். 7,800 ரூபாய் ஆகும், ஆனால் பதின்மூன்று வருஷப் பெட்டிக்கு அது வேஸ்ட் என்றார். மறுபடி 450 ரூபாய். மறுநாள் காலையிலேயே உங்கள் விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, எக்ஸ்சேஞ்சில் புதிய மாடல் பார்க்கிறீர்களா என்று கேட்டார். ரிப்பேருக்கு நான் போன் பண்ணினால் எடுப்பதற்குள் இருபது நிமிஷம் பாட்டுப் போடும் உங்கள் அலுவலகம், விற்பதற்கு மட்டும் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது.

25-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணாச்சியை வரச் சொன்னேன். அவர் கதவைத் திறக்கவே இல்லை. முதலில் பின்னால் போய், கம்ப்ரஸருக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தட்டைப் பார்த்தார். காய்ந்து தூசி படிந்து கிடந்தது. “தண்ணி வடியல. அப்போ உள்ளே ஐஸ் உருகல அக்கா” என்றார்.

ஃப்ரீசரின் பின்மூடியைக் கழற்றியதும் எனக்கே திக்கென்றது. காற்றைக் குளிர வைக்கும் ‘காயில்’ என்ற சுருள் குழாய் தெரியவே இல்லை. மேலிருந்து கீழ்வரை வெள்ளைப் பாறை மாதிரி ஒரே ஐஸ், இரண்டு விரல் கனம். ஃபேன் இறக்கையின் நுனி அந்த ஐஸில் உரசி வளையம் வளையமாகக் கோடு போட்டிருந்தது. நான் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த கரகர சத்தம் அதுதான். ஐஸ் அடைத்துவிட்டதால் காற்று கீழே இறங்க வழியில்லை. அதனால் மேலே கல், கீழே மோர். காயில் முழுக்க ஐஸ் பிடித்திருக்கிறது என்றால் கேஸ் முழுசாக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம், கேஸ் குறைந்திருந்தால் காயிலின் ஒரு ஓரத்தில் மட்டும் பனி நிற்கும் என்றார்.

இந்த வகைப் பெட்டியில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரஸர் நின்று, ஹீட்டர் சூடாகி, காயிலில் படிந்த பனியை உருக்கித் தட்டில் வடிய வைக்க வேண்டும். ஹீட்டரை மீட்டர் வைத்துப் பார்த்தார், 260 ஓம் சொச்சம் காட்டியது. நல்லது. காயிலில் கவ்விப் பிடித்திருந்த பைமெட்டல் என்ற பொத்தான் அளவுச் சாமானைக் கழற்றி, அது ஐஸோடு சில்லென்று இருக்கும்போதே சோதித்தார். குளிர்ந்த நிலையில் அது ஹீட்டருக்குக் கரண்டை விட வேண்டுமாம். விடவில்லை. செத்திருந்தது. புதியது 280 ரூபாய், கூலி 500.

அப்புறம்தான் அந்த ஒன்பது நாள் கணக்கும் எனக்கு விளங்கியது. முதல் தம்பி ஆறு மணி நேரம் கதவைத் திறந்து போட்டாரே, பாளையங்கோட்டை மே மாத வெயிலில், அதில்தான் ஐஸ் உருகித் தரையில் ஓடியிருக்கிறது. ஃபிரிட்ஜைக் குளிர வைத்தது உங்கள் 2,500 ரூபாய் கேஸ் இல்லை. திறந்து கிடந்த கதவு. அதை நான் காசு கொடுக்காமலே செய்திருப்பேன்.

பைமெட்டல் மாற்றி மூன்று வாரம் ஆகிறது. கீழே 5 டிகிரி. இன்சுலின் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் ஒரு பாக்கி இருக்கிறது. ஐஸெல்லாம் சரியான பிறகும், கம்ப்ரஸருக்குத் திரும்பி வரும் குழாயில் வெள்ளையாகப் பனி பூத்து, பிறகு சொட்டுகிறது. உங்கள் ஆள் அளவுக்கு மேல் கேஸ் ஏற்றியிருக்கிறார், இப்படியே விட்டால் இத்தனை வருஷம் நன்றாக ஓடிய கம்ப்ரஸர் நிஜமாகவே கெடும் என்கிறார் அண்ணாச்சி.

வாரண்டி முடிந்த பெட்டி என்று பதில் எழுத வேண்டாம். வாரண்டியில் நான் எதையும் கேட்கவில்லை. 2025 மே மாதம் காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையைப் பற்றித்தான் பேசுகிறேன். கேஸுக்கு வாங்கிய 2,500, பார்க்காமலே கம்ப்ரஸர் மேல் பழி போட்ட இரண்டாம் விசிட்டுக்கான 450, ஆக 2,950 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். முதல் விசிட்டின் 450-ஐ நான் கேட்கவில்லை, தம்பி வெயிலில் வந்தது உண்மை. இருக்கும் கேஸை எடுத்துவிட்டு, வேக்கம் போட்டு, ஸ்டிக்கரில் உள்ளபடி 120 கிராம் நிறுத்து ஏற்றித் தர வேண்டும், உங்கள் செலவில். என்ன செய்தார்கள் என்று எழுத்தில் கொடுக்கவும் வேண்டும்.

15 நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

இரண்டு ரசீதுகளின் நகல், ஐஸ் பிடித்த காயிலின் போட்டோ, பனி பூத்த குழாயின் போட்டோ, ஸ்டிக்கரின் போட்டோ ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். செத்த பைமெட்டல் என் மேஜை டிராயரில் இருக்கிறது, வருபவர் பார்க்கலாம். சாயங்காலம் 5 மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். எடை மெஷினும் வேக்கம் பம்பும் இல்லாமல் யாரையும் அனுப்ப வேண்டாம். ஓடிபி இந்த முறை மறுநாள் காலையில்தான், மாவு புளிக்கவில்லை என்று பார்த்த பிறகு.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்