நாடக மன்றத்தின் ஆண்டறிக்கை: மேடை விளக்குக் கட்டுப்பாட்டு அமைப்பு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மன்றத்தின் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டில் மேடையேறிய நாடகங்களின் விவரமும் வரவு செலவும் பொருளாளரின் அறிக்கையில் இடம்பெறுகின்றன. ஆகவே, சென்ற பொதுக்குழு என்னிடம் ஒப்படைத்த பணியைப் பற்றி மட்டும், அதாவது மேடை விளக்குகள் அனைத்தையும் ஓரிடத்திலிருந்து இயக்கும் அமைப்பை மன்றத்துக்குச் சொந்தமாக நிறுவியதைப் பற்றி மட்டும், இங்கே சமர்ப்பிக்கிறேன்.

இதுவரை நாம் விளக்குகளை வாடகைக்கு எடுத்து, பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு சுவிட்ச் பலகையில் இணைத்து இயக்கி வந்தோம். அந்தி மயங்கும் காட்சியில் ஒளி மெல்லக் குறைய வழியில்லாமல், விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்ததும், அந்தச் சத்தம் முன்வரிசை வரை கேட்டதும் உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். நடிகர்கள் மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கிய ஒரு கணத்தை நாமே கெடுக்கிறோமே என்ற வருத்தம்தான் இந்த முயற்சிக்குத் தொடக்கம்.

நாம் தேர்ந்துகொண்டது, பொத்தான்களுள்ள கட்டுப்பாட்டு மேசையிலிருந்து விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டிஎம்எக்ஸ் 512 என்னும் முறை. 1986-இல் அமெரிக்க அரங்கத் தொழில்நுட்ப அமைப்பு ஒன்று வகுத்த இந்த முறையே இன்று உலகெங்கும் மேடைகளில் பொதுவாக இருப்பதால், எந்த நிறுவனத்தின் விளக்கையும் எந்த நிறுவனத்தின் மேசையோடும் இணைக்க முடிகிறது. ஒரே கம்பித் தொடரில் 512 சேனல்கள், அதாவது தனித்தனிக் கட்டளை வழிகள், செல்லும். ஒவ்வொரு சேனலும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பைச் சுமந்து செல்லும். தனக்கு இட்ட எண்ணிலிருந்து தொடங்கும் சேனல்களை மட்டும் ஒரு விளக்கு கவனித்துக் கீழ்ப்படியும். அந்த எண்ணே அதன் முகவரி. நாம் வாங்கிய எட்டு எல்இடி பார் (PAR) வகை மேடை விளக்குகளும் ஒவ்வொன்றும் ஏழு சேனல்களைப் பயன்படுத்துகின்றன.

முதல் தடுமாற்றம் இந்த முகவரியில்தான் நேர்ந்தது. ஏழு சேனல் விளக்குகள் என்பதால் 1, 8, 15 என்று அடுத்தடுத்து முகவரி இட்டோம். கணக்கு சரியே. ஆனால் நாம் வாங்கிய 192 சேனல் மேசை, தன் பன்னிரண்டு பொத்தான்களுக்கும் தலா 16 சேனல்களை முன்பே ஒதுக்கி வைத்திருக்கிறது. அதனால் இரண்டாம் பொத்தானின் கட்டுப்பாடு 17-ஆம் சேனலில் தொடங்கி, இரண்டாம் விளக்கை விட்டுவிட்டு மூன்றாம் விளக்கின் நடுவில் போய் விழுந்தது. ஒரு மாலை முழுவதும் விளக்குகளே பழுது என்று எண்ணிக் கழித்த பிறகே கையேட்டைப் பொறுமையாகப் படித்தோம். முகவரிகளை 1, 17, 33, 49 என்று மாற்றி, எட்டாம் விளக்கை 113-இல் நிறுத்தியதும் எல்லாம் ஒழுங்காயின. நம்மிடம் முன்பே இருந்த, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவியான நான்கு சேனல் டிம்மருக்கு 129 தரப்பட்டது. அதில் முகவரியைச் சிறு சுவிட்சுகளால் இட வேண்டும். அவை வரிசையாக 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்வதால், முதலாவதையும் (1) எட்டாவதையும் (128) மேலே தள்ளினால் 129 கிடைக்கும்.

இரண்டாவது தவறு செலவு வைத்தது. ஒத்திகை அவசரத்தில் எல்இடி விளக்கு ஒன்று டிம்மரின் மின்செருகு வாயில் செருகப்பட்டுப் பழுதாயிற்று. டிம்மர் பழைய இழை விளக்குகளுக்கு மட்டுமே உரியது. தன்னுள்ளேயே மின்சுற்று கொண்ட எல்இடி விளக்குக்கு எப்போதும் முழு 230 வோல்ட் நேரடியாகச் செல்ல வேண்டும். இப்போது டிம்மரின் வாய்கள் எல்லாவற்றிலும் சிவப்பு நாடா ஒட்டப்பட்டுள்ளது.

கம்பியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தொடங்குபவர்கள் அனைவரும் மிச்சம் பிடிக்க நினைக்கும் இடம் அதுவே. முனை ஒன்றுபோல் இருப்பதால் ஒலிவாங்கிக் கம்பியையே நாமும் முதலில் பயன்படுத்தினோம். விளக்குகள் காரணமின்றித் துடித்தன. 120 ஓம் தன்மையுள்ள உரிய கம்பிக்கு மாறி, தொடரின் கடைசி விளக்கில் இரண்டாம், மூன்றாம் ஊசிகளுக்கு இடையே 120 ஓம் மின்தடை ஒன்றைப் பற்றவைத்த முனையைச் செருகியதும் துடிப்பு அடியோடு நின்றது. சில ரூபாய் பெறும் பொருள் அது. கம்பி ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலியாகவே செல்ல வேண்டும். நடுவில் கிளை பிரித்து முறுக்கக் கூடாது. ஒரே தொடரில் 32 கருவிகளுக்கு மேல் சேர்க்கவும் கூடாது.

மின்சாரத்தில் எந்தச் சமரசத்துக்கும் நான் உடன்படவில்லை. நம்மிடமுள்ள 1000 வாட் பழைய விளக்குகள் நான்கும் சேர்ந்தெரிந்தால் 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 16 ஆம்பியர் வாய் ஒன்று அதைத் தாங்காது. ஆகையால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு டிம்மருக்குத் தனிப் பாதை இழுத்து, எர்த் இணைப்பையும் சோதித்துக் கொண்டோம். தொங்கும் விளக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது பிடியாக இரும்புக் கயிறு கட்டப்பட்டது. மின்தடையின்போது ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் இடைவெளியில் மேசை அணைந்துவிடாதிருக்க, அதற்கு மட்டும் ஒரு சிறு யுபிஎஸ் வைத்துள்ளோம்.

தலையசைத்துச் சுழலும் நவீன விளக்குகளை வாங்க வேண்டும் என்ற கருத்தும் வந்தது. செயற்குழு அதை ஏற்கவில்லை. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். 1959-இல் கல்கத்தாவின் மினர்வா அரங்கில் நடந்த ஒரு நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுவதை ஒளியமைப்பாளர் தாபஸ் சென் ஒளியாலேயே பார்வையாளர் கண்முன் எழுப்பினார். இன்றைய கருவிகள் எதுவும் அன்று இல்லை. நம் பன்னிரண்டு விளக்குகளால் செய்யக்கூடியதில் பாதியைக்கூட நாம் இன்னும் செய்து பார்க்கவில்லை.

வரும் ஆண்டுக்காக இரண்டு தீர்மானங்களைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். முதலாவது, விளக்கின் இடம், முகவரி, மின்பாதை ஆகிய மூன்றையும் குறித்த அட்டவணை மேசையோடு எப்போதும் இருக்க வேண்டும் என்பதும், எவர் மாற்றினாலும் அன்றே அதில் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பதும் ஆகும். இரண்டாவது, யுஎஸ்பி வழியாக விளக்குகளை இயக்கும் இணைப்புக் கருவி ஒன்றை வாங்கி, கட்டணமின்றிக் கிடைக்கும் கியூஎல்சி பிளஸ் மென்பொருளை மன்றத்தின் பழைய மடிக்கணினியில் நிறுவி, இளைய உறுப்பினர்கள் இருவருக்குப் பயிற்சி தர அனுமதிக்க வேண்டும்.

செயலாளர்