ராத்திரி இரண்டு மணி ரேடியோ

மில்வாக்கி, அமெரிக்கா,
7-7-1963

அன்புள்ள அப்பாவுக்கு,

ராஜு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நான் நலம். அங்கே அனைவர் நலமும் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. சுந்தரம் எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டாம் முறையும் தவறிவிட்டான் என்று படித்ததும் என்ன எழுதுவதென்று தெரியாமல் மடித்து வைத்துவிட்டேன். மன்னியுங்கள்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. பாலும் உருளைக்கிழங்கும் ஏராளம். அம்மா கொடுத்த புளி மார்கழியிலேயே தீர்ந்தது; தக்காளியிலேயே ரசம் வைக்கிறேன். கைக்கடிகாரம் கடையில் இருக்கிறது, கவலைப்பட வேண்டாம்.

எதிர் அறைப் பெரியவரைப் பற்றி எழுதியிருந்தேனே, போலந்து வம்சத்துக்காரர். அவருக்கு பேஸ்பால் என்றால் உயிர். எங்கள் ஊர் பிரேவ்ஸ் அணியில் வாரன் ஸ்பான் பந்து வீசினால் ரேடியோ முன் உட்காரவே மாட்டார், நின்றுதான் கேட்பார். செவ்வாய் இரவு சான் பிரான்சிஸ்கோவில் ஆட்டம். வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸில் முடிவது பதினாறு வரை போயிற்று. எதிரணியின் மாரிஷலுக்கு 25 வயது. ஸ்பானுக்கு 42, ஏறக்குறைய நம் சித்தப்பா வயது. இருவருமே மாற்று ஆள் இல்லாமல் கடைசிவரை வீசினார்கள். ஸ்பான் வீசியது மட்டும் 200 பந்துக்கு மேல். இங்கே மணி இரண்டைத் தாண்டியபோது எதிரணியின் வில்லி மேஸ் ஒரு ஹோம் ரன் அடித்தார், நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி. 1-0. தோற்றுப்போனோம். பெரியவர் அப்போதும் நின்றுகொண்டேயிருந்தார்.

பிறகு அவர் சொன்னதைத்தான் உங்களுக்கு எழுத நினைத்தேன். இந்த ஆட்டத்தில் அணி ஜெயித்தால் அந்த வெற்றியைப் பந்து வீசியவர் கணக்கில் எழுதுவார்கள். ஸ்பான் 1942இல் அணிக்கு வந்து ஒரு வெற்றிகூடப் பெறவில்லை. அடுத்த மூன்று வருடம் யுத்தம். ரைன் நதியின் ரெமாகன் பாலத்தில் பொறியாளர் படையில் இருந்து காயம்பட்டார். முதல் வெற்றி 1946இல், 25 வயதில். அதன்பின் ஒரே பருவத்தில் 20 வெற்றி என்பதைப் பன்னிரண்டு முறை கண்டுவிட்டார். 1961இல் மொத்த வெற்றி 300ஐத் தொட்டார். நம் சுந்தரத்துக்குப் பதினெட்டுதானே அப்பா? அவனை இப்போதே மளிகைக் கடையில் உட்கார வைக்காதீர்கள்.

பெரியவருக்குத் தோல் தொழிற்சாலையில் வேலை. மாலையில் அவர் சட்டையிலிருந்து பச்சைத்தோலும் சுண்ணாம்பும் கலந்த வாடை வரும். மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். எனக்கு அது வாணியம்பாடி. பாலாற்றங்கரையில் உங்கள் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போவதாகவே இருக்கும். சில நாள் அதற்காகவே கதவைத் திறந்து வைத்திருப்பேன்.

சுந்தரத்தை மாலையில் கணக்கு வாத்தியாரிடம் அனுப்புங்கள்; மறு பரீட்சைக்குப் பணம் கட்டும் நாளைத் தவறவிட வேண்டாம். செட்டியாருக்கான வட்டியை ஆகஸ்டில் சேர்த்து அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள். கனகத்தின் வளைகாப்பு எப்போது? மாட்டுக்கொட்டகைக்கு ஐப்பசி மழைக்கு முன் ஓலை மாற்றிவிடுங்கள். அம்மாவிடம் நான் இளைக்கவில்லை என்று சொல்லவும்.

தங்கள் அன்பு மகன்,
ராஜு