நான் 'அக்கறையுள்ள நபர்' அல்லன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் எல்லையில் தேசிய நெடுஞ்சாலையை ஆறு வழியாக அகலப்படுத்துவது குறித்துச் சென்ற வாரம் தாங்கள் வெளியிட்ட செய்தி, 'பொதுமக்களிடமிருந்து ஆட்சேபணை எதுவும் வரவில்லை' என்று அதிகாரி ஒருவர் கூறியதோடு முடிந்திருந்தது. தங்கள் செய்தியாளர் ஊருக்குள் வந்து ஒருவரிடமாவது விசாரித்தாரா என்று நான் கேட்கப் போவதில்லை. நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் வருவது எவ்வளவு சிரமம் என்பது எங்களுக்குத் தெரியாததன்று.

ஆட்சேபணை எந்த வழியில் வர வேண்டும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், நிலம் எடுக்கப் போவதாக 3ஏ பிரிவின்கீழ் அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள் அதை எழுத்தில் தரச் சொல்கிறது. அறிவிக்கையின் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில், அவற்றுள் ஒன்று வட்டார மொழியில், வெளியிட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். தங்கள் நாளிதழிலும் வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். சர்வே எண், உட்பிரிவு, நிலத்தின் வகை, பரப்பு எனப் பத்தி பத்தியாக இருந்ததே தவிர, மேம்பாலம் எங்கே இறங்குகிறது, அணுகுசாலை எந்தப் பக்கம் திரும்புகிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எந்த இடத்தில் சாலையைக் கடக்க வேண்டும் என்பது பற்றி ஓர் எழுத்தும் இல்லை. அவையெல்லாம் விரிவான திட்ட அறிக்கையில் இருக்குமாம். அந்த அறிக்கையை எங்கள் ஊரில் யாரும் கண்ணால் கண்டதில்லை.

இருந்தும் பதினெட்டாம் நாள் நில எடுப்பு அலுவலகத்தில் மனுவோடு போய் நின்றேன். 'உங்களுக்கு எந்த சர்வே எண்ணில் நிலம் போகிறது?' என்று கேட்டார்கள். ஒரு சென்ட்கூடப் போகவில்லை, நான் தினமும் அந்தச் சாலையைக் கடப்பவன் என்றேன். 3சி பிரிவின்படி ஆட்சேபிக்கும் உரிமை நிலத்தோடு தொடர்புடையவருக்கு மட்டுமே உண்டு என்றும், அலுவலகத் தமிழில் அவருக்கு 'அக்கறையுள்ள நபர்' என்று பெயர் என்றும் விளக்கி, மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். நாற்பத்திரண்டு ஆண்டுகளாக இந்த ஊரில் குடியிருக்கும் எனக்கு ஊர்மேல் அக்கறை இல்லை என்பதை அன்றுதான் அறிந்துகொண்டேன். வாங்காத மனு பதிவேட்டில் ஏறாது. ஏறாத மனுக்களைக் கூட்டினால் சுழியம்தான் வரும். ஆகவே அதிகாரி சொன்னதைப் பொய் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை.

கருத்துக்கேட்புக் கூட்டம் என்று ஒன்று உண்டே என்பீர்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் உண்டுதான். ஆனால் 2013 திருத்தத்துக்குப் பிறகு, இருக்கிற தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்துவதானால், நீளம் 100 கிலோமீட்டரைத் தாண்டி, கூடுதலாக எடுக்கும் நிலத்தின் அகலமும் 40 மீட்டரைத் தாண்டினால்தான் முன்அனுமதியும் கூட்டமும். புறவழிச்சாலைக்கு அது 60 மீட்டர். நம் திட்டம் அந்த அளவுக்கு வரவில்லை. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும் என்கிறது. அதே சட்டம் நெடுஞ்சாலைச் சட்டத்தை நான்காம் அட்டவணையில் சேர்த்து அந்த மதிப்பீட்டிலிருந்து விலக்கும் அளித்திருக்கிறது. எந்தக் கதவைத் தட்டினாலும் அடுத்த கதவைக் காட்டுகிறார்கள்.

நால்வழியாக்கியபோதும் இப்படித்தான் நடந்தது. முதலில் புளியமரங்களின் பட்டையைச் செதுக்கி வெள்ளையடித்து எண் எழுதினார்கள். ஏலத்துக்காக இருக்கும் என்று நினைத்தோம், அடுத்த வாரம் மரங்கள் இல்லை. ஊருக்குள் திரும்பும் இடத்தில் இருந்த சாலைநடுத் திறப்பை அடைத்து, சுரங்கப்பாதை தருகிறோம் என்றார்கள். தந்தார்கள், மறுக்கவில்லை. ஐப்பசியில் அதில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. தொலைதூரப் பேருந்துகள் ஊருக்குள் வருவதை விட்டுவிட்டு, இரவு இரண்டு மணிக்கும் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போகின்றன. சென்ற ஆண்டு என் மனைவியும் நானும் பெட்டியோடு இருட்டில் நின்று, லாரிகளுக்கு இடையே ஓடித்தான் வீடு வந்து சேர்ந்தோம்.

நடுவில் போட்டிருக்கும் இரும்புத் தடுப்பைத் தாங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். அதன் நீளம் முழுவதும் புழுதியும் துருவுமாக இருக்க, பழைய திறப்பு இருந்த இடத்தில் மட்டும் நான்கு முழம் அளவுக்குக் கைபட்டுக் கைபட்டுப் பளபளவென்றிருக்கிறது. ஏறுவதற்கு வசதியாக யாரோ இரண்டு ஹாலோ பிளாக் கற்களையும் போட்டு வைத்திருக்கிறார்கள். அளவெடுக்க வந்த பொறியாளர்கள் அதன் அருகில்தான் முக்காலியை ஊன்றி நின்றார்கள். ஊர் எங்கே கடக்கிறது என்று அவர்கள் யாரையும் கேட்டிருக்கவே வேண்டாம்.

சாலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவைச் சேர்த்து, சாலை வடிவமைப்பின் குறையால் உயிர் போனாலோ ஊனம் நேர்ந்தாலோ பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று வைத்திருக்கிறார்கள். அந்த வழக்குக்கு ஆள் தேடுவதைவிட, வேலை தொடங்கும் முன்பே வரைபடத்தைக் காட்டுவது செலவு குறைவு.

தங்களிடம் நான் கேட்பது பெரிதன்று. ஊர் நுழைவிடத்தின் வரைபடத்தை அதிகாரிகளிடமிருந்து வாங்கி, அந்த அறிவிக்கைக்குக் கொடுத்த இடத்தில் கால் பங்கிலாவது, கண்ணாடியில்லாமல் படிக்கும் எழுத்தில் வெளியிடுங்கள். 'ஆட்சேபணை வரவில்லை' என்பதை 'ஆட்சேபணை பெறப்படவில்லை' என்று திருத்தினாலும் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
சர்வே எண் இல்லாத வாசகன்