சிபியூவை மட்டும் கொண்டுவரச் சொல்லாதீர்கள்: யாழ்ப்பாணத்தில் கணினி திருத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

நான் நல்லூரில் வீட்டிலிருந்து டைப்செற்றிங் செய்கிறவள். என் கைக்கு வருவதில் பெரும்பங்கு கல்வெட்டு வேலை. ஒருவர் காலமானால் 31ஆம் நாளில் உறவினருக்கும் அயலவருக்கும் கொடுக்கிற அந்த நினைவு மலரைப் பற்றி இந்த ஊரில் வளர்ந்த உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. படம், வாழ்க்கைச் சுருக்கம், திதி வெண்பா, தேவாரம், வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்குள் எழுதி வாங்கி, அடித்து, பிழை திருத்தி, அச்சகத்துக்கு அனுப்பி எடுக்க வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போடுங்கள் என்று துக்க வீட்டாரிடம் கேட்க முடியாது. கணினி பழுதென்றால் எனக்கு ஏன் அவ்வளவு அந்தரம் வருகிறது என்பது விளங்கட்டும் என்றுதான் இதை முதலில் சொல்கிறேன்.

இரண்டு மொனிற்றர் வைத்து வேலை செய்கிறேன். இடப்பக்கத்து மொனிற்றரை நிமிர்த்தி வைத்திருக்கிறேன். அதில் பக்கம் முழுதாகத் தெரியும். வலப்பக்கத்தில், ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் வட்ஸ்அப்பில் அனுப்பும் கையெழுத்துத் தாள்களும் பழைய படங்களும் திறந்திருக்கும். அதைப் பார்த்து இதில் அடிப்பேன். ஒரு மொனிற்றரில் இந்த வேலையைச் செய்தால் இரண்டு மடங்கு நேரம் போகும், பெயர்களிலும் பிழை வரும். கல்வெட்டில் ஒரு பேரப்பிள்ளையின் பெயர் விடுபட்டால் அந்த வீட்டில் அது எத்தனை வருடத்துக்குக் கதைக்கப்படும் என்று உங்களுக்கே தெரியும்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிகிறது என்று அறிந்து, பலரைப் போல நானும் 11க்கு மாறினேன். மாறின அன்றே இடப்பக்கத்து மொனிற்றரில் டாஸ்க்பாரை, திரையின் அடியில் திறந்த கோப்புகளின் சின்னங்கள் நிற்கிற அந்தப் பட்டையை, காணவில்லை. வலப்பக்கத்தில் இருந்தது, ஆனால் நான் திறந்து வைத்திருந்த கோப்புகள் எல்லாம் ஒரே சின்னத்துக்குள் அடுக்குப்பட்டு, எது எந்தக் குடும்பத்தினுடையது என்று பெயர் தெரியாமல் கிடந்தன. ஒரு கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. "சிபியூவை மட்டும் கொண்டு வாங்கோ அக்கா" என்றார்கள். ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

அங்கே மேசையில் இருந்தது ஒரே ஒரு மொனிற்றர். அதில் கொழுவிப் பார்த்தார்கள். டாஸ்க்பார் வடிவாக இருந்தது. இல்லாமல் எப்படிப் போகும்? என் பிரச்சினை இரண்டாவது மொனிற்றரில், அது நல்லூரில் என் மேசையில் நிற்கிறது. அடுத்த நாள் போனபோது, "ஃபோமற் அடிச்சு விட்டிருக்கிறம், இனிப் பிரச்சினை வராது" என்றார்கள். ஃபோமற் என்றால் சி ட்றைவில் உள்ளதை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது. டி ட்றைவைத் தொடவில்லை. ஆனால் சி ட்றைவில், டெஸ்க்டொப்பில், 22 பக்கம் முடிந்திருந்த ஒரு கல்வெட்டு இருந்தது. பல வருடமாகச் சேர்த்த எழுத்துருக்கள் இருந்தன. அவை போய்விட்டன.

எழுத்துரு போனால் என்ன, திரும்ப ஏற்றலாமே என்று நினைப்பீர்கள். பழைய கோப்புகள் எல்லாம் பாமினி என்ற எழுத்துருவில் அடித்தவை. பாமினி, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோட் முறை அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்தது. எழுத்துரு இல்லாத கணினியில் ஒருவருடைய முழு வாழ்க்கை வரலாறும் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக, மெய்யெழுத்துப் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியாகத் தெரியும். பாமினியை எங்கும் எடுக்கலாம். அதே முறையில் தலைப்புகளுக்கென்று ஒவ்வொருவரிடமும் வாங்கிச் சேர்த்த வேறு எழுத்துருக்களில் சிலதை நான் இன்றுவரை தேடுகிறேன்.

அந்த 22 பக்கத்தையும் மூன்று இரவில் திரும்ப அடித்தேன். கையெழுத்துத் தாள்கள் வட்ஸ்அப்பில் இருந்ததால் பிழைத்தது. 30ஆம் நாள் பின்னேரம் புத்தகம் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

சரி, வீட்டுக்குக் கொண்டுவந்த கணினியில் என்ன நடந்தது? இந்த முறை இரண்டாவது மொனிற்றர் முழு இருட்டு. அயலில் கணினி படிக்கிற ஒரு பிள்ளை வந்து டிவைஸ் மனேஜரைத் திறந்து காட்டினாள். மொனிற்றருக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்ட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மைக்ரோசொஃப்ற் பேசிக் டிஸ்பிளே அடப்டர்' என்று இருந்தது. கார்ட்டை இயக்குகிற மென்பொருளான அதன் சொந்த ட்றைவர் இல்லாதபோது விண்டோஸ் தற்காலிகமாகப் போடுவது அது. அந்த நிலையில் பெரும்பாலும் ஒரு திரைதான் வேலை செய்யும். கார்ட் செய்த நிறுவனத்தின் தளத்தில் இருந்து ட்றைவரை இறக்கிப் போட்டதும் மொனிற்றரில் படம் வந்தது. அப்புறம் டாஸ்க்பாரில் வலது கிளிக் செய்து, டாஸ்க்பார் செற்றிங்ஸுக்குள் 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' என்ற பகுதியை விரித்து, 'ஷோ மை டாஸ்க்பார் ஒன் ஓல் டிஸ்பிளேஸ்' என்ற பெட்டியில் ஒரு சரி போட்டாள். இரண்டு மொனிற்றரிலும் டாஸ்க்பார் வந்துவிட்டது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அந்த ஒரு பெட்டிதான்.

அந்தப் பெட்டி சில கணினிகளில் மங்கலாக, தொட முடியாமல் இருக்கும். அது பழுதல்ல. விண்டோஸுக்கு ஒரு திரை மட்டும் தெரிகிறது, அல்லது இரண்டு மொனிற்றரிலும் ஒரே படம் ஓடுகிறது என்று அர்த்தம். விண்டோஸ் விசையோடு பி அழுத்தி 'எக்ஸ்ரென்ட்' என்று மாற்றினால் பெட்டி உயிர் பெறும். உங்கள் மேசையில் ஒரே ஒரு மொனிற்றரோடு பார்த்தாலும் அது மங்கலாகத்தான் தெரியும். அதை வைத்து விண்டோஸ் பழுதாகிவிட்டது என்று முடிவெடுக்க வேண்டாம்.

அதே இடத்தில், எந்த டாஸ்க்பாரில் எந்தச் சின்னம் காட்ட வேண்டும் என்றும் தெரிவுசெய்யலாம்: எல்லாவற்றிலும், அல்லது பிரதான திரையிலும் ஜன்னல் திறந்திருக்கும் திரையிலும், அல்லது ஜன்னல் திறந்திருக்கும் திரையில் மட்டும். எனக்கு மூன்றாவதுதான் வசதி. எதில் எது இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. அடுக்குப்பட்ட சின்னங்களைப் பெயரோடு பிரித்துக் காட்டும் தெரிவும் அதற்குள்ளேதான் இருக்கிறது. வாடிக்கையாளரிடம் கேட்டுச் செய்யுங்கள். கணக்காளருக்கும் எனக்கும் வேறு வேறு தேவை.

எது பழுது, எது மாற்றம் என்று பிரித்துச் சொல்வதும் உங்கள் வேலைதான் என்று நினைக்கிறேன். 2021 ஒக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது டாஸ்க்பாரைப் புதிதாகவே எழுதினார்கள். மேலே அல்லது பக்கவாட்டில் வைக்கும் வசதி அதில் இருக்கவில்லை. இரண்டாவது மொனிற்றரில் மணிக்கூடு கூட இல்லாமல்தான் வந்தது. அதை 2022இல் திருப்பிச் சேர்த்தார்கள். சின்னங்களைப் பெயரோடு பிரித்துக் காட்டும் தெரிவு 2023இல்தான் திரும்பி வந்தது. அதனால், அப்டேற் செய்யாமல் பழைய நிறுவல் கோப்பிலிருந்து விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்தால் இவற்றில் சில இருக்கவே மாட்டா. வருடக்கணக்காக டாஸ்க்பாரை இடப்பக்கத்தில் வைத்திருந்த ஒருவர் அதைக் காணவில்லை என்று உங்களிடம் வந்தால், "11 வந்தபோது அந்த வசதியை அவர்களே எடுத்துவிட்டார்கள், உங்கள் கணினியில் ஒரு பிழையும் இல்லை" என்று சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு வசனம் அவருக்குப் பெரிய ஆறுதல். அதற்கு ஃபோமற் அடித்துக் காசு வாங்குவது சரியில்லை.

வயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் இரண்டாவது மொனிற்றர் என்பது அநேகமாகப் பாவித்த மொனிற்றர். அதில் விஜிஏ துளை மட்டும் இருக்கும், கணினியில் எச்டிஎம்ஐ இருக்கும், நடுவில் ஒரு மாற்றி தொங்கும். மலிவான மாற்றிகள் சில, மொனிற்றர் தன்னைப் பற்றிச் சொல்லும் விபரத்தைக் கணினிக்கு ஒழுங்காகக் கொடுப்பதில்லை. அப்போது திரையின் அளவு பிழையாக விழும், சிலவேளை மொனிற்றரே தெரியாமல் போகும். சிபியூவை மட்டும் கொண்டுவரச் சொன்னால் அந்த மாற்றி வீட்டிலேயே நின்றுவிடுகிறது. வேறொன்று: கடையில் கழற்றி வீட்டில் கொழுவும்போது, கார்ட்டின் துளையில் இருந்த வயரை மதர்போர்ட்டின் துளையில் கொழுவிவிடுவோம். எனக்கும் அது நடந்தது. துளை மாறினால் விண்டோஸ் அதைப் புதிய ஏற்பாடாக எடுக்கும். எது பிரதான திரை, எது இடம், எது வலம் என்பது மாறிப்போகும். டிஸ்பிளே செற்றிங்ஸில் இலக்கமிட்ட பெட்டிகளை மேசையில் இருக்கிற மாதிரி இழுத்து வைத்து, வேண்டிய திரையில் 'மேக் திஸ் மை மெயின் டிஸ்பிளே' என்று கொடுத்தால் முடிந்தது. ஒலி, இணையம் போன்ற சின்னங்கள் பிரதான திரையின் டாஸ்க்பாரில்தான் நிற்கும் என்பதால் இந்தத் தெரிவு முக்கியம்.

தொலைக்காட்சியை இரண்டாவது திரையாக வைத்திருக்கிறவர்களுக்கு வேறொரு தொல்லை. பல தொலைக்காட்சிகள் எச்டிஎம்ஐயில் வரும் படத்தைச் சற்றுப் பெருப்பித்து ஓரங்களை வெட்டிவிடும். டாஸ்க்பார் அங்கே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கணினியில் டாஸ்க்பார் தெரிவுகளைத் தொட்டுப் பயனில்லை. தொலைக்காட்சியின் பட அளவுத் தெரிவை மாற்ற வேண்டும்.

டாஸ்க்பார் இருந்தும் அசையாமல் உறைந்து நின்றால், கண்ட்ரோல், ஷிப்ற், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மனேஜரில் 'விண்டோஸ் எக்ஸ்புளோரர்' என்பதை றீஸ்ராட் செய்யச் சொல்லுங்கள். இதைத் தொலைபேசியிலேயே சொல்லிக் கொடுக்கலாம்.

இனி நான் உங்களிடம் கேட்பது. திருத்தும் மேசையில் இரண்டு மொனிற்றர் வையுங்கள். புதிது வேண்டாம், உங்கள் கடை மூலையில் கிடக்கிற பழையது போதும். இரண்டு மொனிற்றர் பாவிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், வயரையும் மாற்றியையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள், கழற்றுவதற்கு முன் பின்பக்கத்தைத் தொலைபேசியில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, கொண்டுவரச் சொல்வதற்கு முன் வீடியோ அழைப்பில் ஒருக்கால் பார்ப்பது. அந்தப் பத்து நிமிடத்துக்கு நீங்கள் காசு கேட்டால் நான் மனமுவந்து தருவேன். உங்கள் அறிவுக்குத்தான் அந்தக் காசு. ஃபோமற்றுக்கு மட்டும் கட்டணம் என்ற பழக்கம் இருப்பதால்தான் எல்லாம் ஃபோமற்றில் போய் முடிகிறது என்று எனக்குப் படுகிறது.

11க்கு மாறி வேலை செய்ய முடியாமல் வருகிறவருக்கு, பத்து நாளைக்குள் என்றால் செற்றிங்ஸில் 'றிக்கவரி' பகுதிக்குப் போய்ப் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம் என்று சொல்லுங்கள். பத்து நாள் கழிந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். அவசர வேலை நடுவில் இருக்கிற ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி! எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கடைக்கு வந்தது மூன்றாம் நாள்.

ஃபோமற் அடிக்கத்தான் வேண்டும் என்ற நிலை வரும், அதை நான் மறுக்கவில்லை. அப்போது டெஸ்க்டொப், டொக்கியுமென்ற்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் எழுத்துருக் கோப்புறையையும் வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, உரியவரைக் கூப்பிட்டு "வேறு ஏதும் இருக்கிறதா" என்று கேட்டுவிட்டு அடியுங்கள். தமிழில் வேலை செய்கிறவர்களின் கணினியில் எழுத்துருக் கோப்புறை மிக முக்கியம். 2005 முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிம வடிவில் சேர்த்து வருகிற நூலகம் திட்டத்தில் நினைவு மலர்களும் இருக்கின்றன. ஒரு ஊரில் யார் எங்கிருந்து வந்து குடியேறினார், யார் பள்ளிக்கூடம் கட்டினார், எந்தக் குடும்பம் எந்த வருடம் இடம்பெயர்ந்தது என்பதற்கு வேறு சான்று இல்லாத இடங்களில் இந்தச் சிறு புத்தகங்களே சான்று. அவற்றின் மூலக்கோப்புகள் என்னைப் போன்றவர்களின் டெஸ்க்டொப்பில்தான் இருக்கின்றன.

பலரும் 11க்கு மாறின அந்த மாதங்களில் உங்கள் கடைகளில் எவ்வளவு நெருக்கம் என்று நான் கண்ணால் கண்டேன். வாசல்வரை சிபியூக்கள் அடுக்கியிருந்தன. பகல் சாப்பாட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் வேலை செய்த தம்பியை எனக்கு நினைவிருக்கிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் முன்னால் இரண்டாவது மொனிற்றர் ஒன்று இருந்திருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார்.

என்னிடம் பாவிக்காத 19 அங்குல மொனிற்றர் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது, விஜிஏ வயரோடு. திருத்தும் மேசைக்கு வேண்டும் என்கிற கடைக்கு அதைத் தருகிறேன். காசு வேண்டாம். கோயில் வீதிப் பக்கம் வந்து, கல்வெட்டு அடிக்கிற அக்கா வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள்.

அன்புடன்,
கல்வெட்டு அடிக்கும் அக்கா,
நல்லூர், யாழ்ப்பாணம்.