கடுகெண்ணெய் ஊற்றாத கிச்சடிக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பெரியம்மா நேற்று மாலை யார் கையையும் பிடிக்காமல் எழுந்துவந்து திண்ணையில் உட்கார்ந்தார். அதைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுதும் தெம்பு எனக்கு வந்தது. அந்தமானில், நீல் தீவு என்று பலரும் இன்னமும் சொல்லுகிற சாகித் தீவில் கப்பல் நின்றுபோய், பெரியம்மா காய்ச்சலில் கிடந்த அந்த மூன்று நாள்களில் நடந்தவற்றை, வாட்சப் குழுக்கள் வழியாகவும் கோபி பேருந்து நிலையத்துப் பேக்கரிகள் வழியாகவும் நீங்கள் என்னைவிட விரிவாகவே அறிந்திருப்பீர்கள் என்பதால், அவற்றை மறுபடி சொல்லப்போவதில்லை.

நாங்கள் போனது ஊர் சுற்றுவதற்காக அல்ல என்பதை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். மூன்று ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், 38 வயது முதல் 71 வயது வரை உள்ள 11 பெண்கள், யாருக்கும் காப்பி கலக்காமல், யார் கூப்பிட்டாலும் எழுந்து ஓடாமல், ஆறு நாள் கடலோரத்தில் சும்மா இருந்துவிட்டு வருவது என்பதுதான் எங்கள் திட்டமே. அந்தத் தீவுகள் நமக்கு வெகு கிழக்கே இருந்தும் கடிகாரம் நம்முடையதே என்பதால், காலை ஐந்து மணி சுமாருக்கு விடிந்து, மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடுகிறது. வீட்டில் நாலரைக்கு எழுந்து பால் கறக்கிற நாங்கள், அங்கே வெயில் முகத்தில் அடித்த பிறகும் புரண்டு படுத்தோம். இரண்டாம் நாள் பரத்பூர் கடற்கரையில், முழங்கால் அளவுக்கு மேல் ஏறாத பச்சைத் தண்ணீரில், சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெரியம்மா அரைமணி நேரம் ஒரே இடத்தில் நின்றார். பவானி ஆற்றையும் கொடிவேரி அணையையும் தவிர வேறு நீரில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் முறை. பிறகு வானம் கறுத்தது.

அந்த நாள்களில் எங்களைத் தாங்கியவர்கள் பலர். ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவரும் செவிலியர்களும், கூடுதல் நாள்களுக்கு வாடகை வாங்க மறுத்துவிட்ட விடுதிக்காரரும், கப்பல் விடுவார்களா என்று கேட்டு நாளுக்கு நான்கு முறை துறைமுகத்துக்குப் போய்வந்த, ராமநாதபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஆட்டோக்காரத் தம்பியும், முதல் கப்பலில் கட்டிலோடு பெரியம்மாவைத் தூக்கி ஏற்றிய இளைஞர்களும், போர்ட் பிளேயர் என்று முன்பு அழைக்கப்பட்ட ஸ்ரீவிஜயபுரத்தின் மருத்துவமனையில் தமிழில் பேசியே எங்கள் பாதி பயத்தைப் போக்கிய செவிலியரும், ஊரில் எங்கள் மாடுகளையும் மாமியார்களையும் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தாரும், எங்கள் ஒவ்வொருவருடைய நன்றிக்கும் உரியவர்கள். “பொம்பளைங்க மட்டும் கடல் தாண்டிப் போனா இப்படித்தான்” என்று சொன்னவர்களுக்கும், அப்படிச் சொல்லிக்கொண்டே மறுநாள் மருத்துவச் செலவுக்குப் பணம் அனுப்பியதற்காக, நன்றி.

ஆனால் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்தது ஒரு பாத்திரம் கிச்சடிக்காக.

விடுதிக்கு எதிரே நான்கு மேசை போட்ட ஒரு சாப்பாட்டுக்கடை இருந்தது. அதை நடத்துகிற அம்மையார் வங்காளி. நாடு பிரிந்த பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று என்று ஆட்டோக்காரத் தம்பி சொன்னார். எங்களுக்கு வங்காளமும் இந்தியும் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. நிலைமை மோசமான முதல் நாள் இரவு, பெரியம்மாவுக்காகச் சோறும் உருளைக்கிழங்குக் கறியும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். பெரியம்மா தட்டை வாய்வரை கொண்டுபோய்விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடுகெண்ணெய் வாசம். கடலெண்ணெயிலும் தேங்காயெண்ணெயிலும் 71 ஆண்டு சாப்பிட்டவருக்கு, காய்ச்சலில் அந்தக் காரமான நெடி குமட்டியது. அவமதிப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று பதறி, நாங்கள் ஏதேதோ கைச்சாடை காட்டினோம். அவர் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தோம்.

மறுநாள் காலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் முந்தானையால் மூடிய ஒரு சிறிய அலுமினியப் பாத்திரத்தோடு படியேறி வந்தார். திறந்தபோது நெய்யும் இஞ்சியும் மணத்தன. வறுத்த பாசிப்பருப்பையும் அரிசியையும் சேர்த்துக் குழைய வேகவைத்து, மஞ்சள் போட்டு, ஒரு பிரியாணி இலை மட்டும் மேலே கிடக்க, அது ஏறக்குறைய நம் அரிசிபருப்பு சாதமேதான். சின்ன வெங்காயமும் பூண்டும்தான் இல்லை. மழை நாளில் அவர்கள் வீடுகளில் கிச்சடிதான் சமைப்பார்களாம். பாத்திரத்தின் அடிப்பாகம் சாம்பல் போட்டுத் தேய்த்ததுபோல் பளபளத்தது. பெரியம்மா மீன் தொடாதவர் என்பதை அவர் எப்போது கவனித்தார் என்று எனக்குத் தெரியாது. மீன் சமைத்த பாத்திரம் இல்லை என்பதைக் காட்ட, அவர் அதைக் கவிழ்த்துக் காட்டி, மீன்போலக் கையை அசைத்து, வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு தன் உள்ளங்கையைப் பெரியம்மாவின் மூக்கருகே நீட்டி முகர்ந்து பார்க்கச் சொன்னார். அதில் கடுகெண்ணெய் வாசம் இல்லை. சோப்பு வாசம் மட்டும் இருந்தது.

பெரியம்மா நான்கு கவளம் சாப்பிட்டார். முப்பது மணி நேரத்துக்குப் பிறகு அவர் வயிற்றில் தங்கிய முதல் சோறு அது. கப்பல் வரும்வரை ஐந்து வேளையும் அந்தப் பாத்திரம் வந்தது. நான் நீட்டிய பணத்தை அவர் என் கைக்குள்ளேயே வைத்து மடக்கிவிட்டார்.

எழுதக் கூச்சமாக இருந்தாலும் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆறு லைன் வீடுகள் உண்டு. நூற்பாலை வேலைக்கு வந்த வங்காளக் குடும்பங்கள் இரண்டு அதில் குடியிருக்கின்றன. சாயங்காலம் ஆனால் அங்கிருந்து வருகிற கடுகெண்ணெய் நெடிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, “கதவைச் சாத்திட்டு சமைங்க” என்று நான் எத்தனை முறை குரல் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கே கணக்கில்லை. அங்கே அந்த அம்மையார் எங்கள் மூக்குக்காகத் தம் எண்ணெயை ஒதுக்கிவைத்தார். இங்கே நான் என் மூக்குக்காக அவர்கள் கதவைச் சாத்தச் சொன்னேன். இனி அந்தக் கதவைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது.

பெரியம்மாவின் யோசனைப்படி, அந்த அம்மையாருக்கு ஒரு கிலோ ஈரோட்டு விரலி மஞ்சளும் வெண்ணெய் உருக்கிய நெய்யும் அனுப்புகிறோம். கூடவே ஒரு கடிதமும் போகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடிதத்தோடு முதன்முறையாக லைன் வீட்டுப் படியேறினேன். இங்கேயே ஓரளவு தமிழ் பழகிவிட்ட அந்த வீட்டுப் பெண், நான் சொல்லச் சொல்ல வங்காளத்தில் எழுதினாள். தொடக்கத்தில் “அம்மா” என்று போடச் சொன்னேன். அவள் பேனாவை நிறுத்திவிட்டு, அவருக்கு எத்தனை வயது இருக்கும் என்று கேட்டாள். ஐம்பதைத் தாண்டாது என்றேன். உங்களுக்கும் அவருக்கும் ஏழெட்டு வயதுதானே வித்தியாசம், அப்படியானால் “தீதி”, அதாவது அக்கா என்பதுதான் சரி என்று சொல்லி, அப்படியே எழுதினாள். அடுப்பில் அவள் வைத்திருந்த கடுகெண்ணெய் அப்போது புகைந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து கதவைச் சாத்தப் போனாள், நான் வேண்டாம் என்றேன்.

நன்றியுடன்,
தீவுக்குப் போன 11 பேரின் சார்பில்,
கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒருத்தி