கையிலேயே விடப்படும் கேனுலா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்க, பெற்றோர் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் தங்குவது நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரங்களில் இன்று சாதாரணமாகிவிட்டது. காய்ச்சலோ நீர்ச்சத்துக் குறைவோ வந்தால் இல்லத்திலேயே டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. டிரிப்ஸ் முடிந்த பிறகும், நாளைக்குத் தேவைப்படலாம் என்று கையிலேயே விட்டுவைக்கும் கேனுலாவை, அதாவது மருந்து ஏற்ற இரத்த நாளத்தில் செருகும் மெல்லிய குழாயைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அண்மையில் அத்தகைய இல்லம் ஒன்றில் உறவினர் ஒருவரைப் பார்க்கச் சென்றேன். அவருடைய புறங்கையில் பழுப்பேறிய பிளாஸ்டர் சுற்றுச்சுற்றாக ஒட்டப்பட்டிருந்தது. என்றைக்குப் போட்டது என்ற தேதி அதில் இல்லை. பிரித்துப் பார்த்தபோது, ஊசி நுழைந்த இடத்திலிருந்து மேல்நோக்கி இரத்த நாளம் சிவந்து, கயிறுபோல் தடித்திருந்தது. மறதிநோய் உள்ள அவரால் வலியைச் சொல்லத் தெரியவில்லை. தொட்டால் கையை இழுத்துக்கொண்டார்.

"மருந்து நன்றாகத்தானே இறங்குகிறது" என்பதே இல்லத்தினரிடம் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில். இரத்த நாள அழற்சி தொடங்கிய பிறகும் மருந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கும். குழாய் இரத்த நாளத்தைவிட்டு விலகினால்கூட, முதியவர்களின் தளர்ந்த தோலுக்கடியில் நிறையத் திரவம் தேங்கிய பின்னரே வீக்கம் தெரியவரும். அந்த வழியாகக் கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

ஊசி நுழைந்த இடம் வெளியே தெரியும்படி ஒளி ஊடுருவும் பிளாஸ்டரைப் போட்டு, அதன்மேல் தேதியை எழுதி, குறைந்தது 4 மணி நேரத்துக்கு ஒருமுறையும், வலியைச் சொல்ல இயலாதவர்களுக்கு 1 அல்லது 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும் பார்த்து, தொட்டு, பதிவேட்டில் குறிக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையால் ஓரம் கிளம்பிய பிளாஸ்டரை உடனே மாற்றுவதும், ஒவ்வொரு முறை மருந்து செலுத்தும் முன் கேனுலாவின் வாயை ஸ்பிரிட்டால் தேய்த்துத் துடைப்பதும் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. சிவப்போ வலியோ வீக்கமோ தென்பட்டால், அல்லது சிகிச்சை முடிந்துவிட்டால், கேனுலாவை எடுத்துவிட வேண்டியதுதான்.

வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் பேசும் பிள்ளைகள், கேனுலா போட்ட கையையும் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

இல்லங்களை ஆய்வு செய்யும் அதிகாரிகள் சமையலறையையும் படுக்கைகளையும் பார்ப்பதோடு நிறுத்தாமல், இந்தப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். உலகெங்கும் செவிலியர்களை அனுப்பிவைக்கும் மாவட்டம் இது. இரவுப் பணிக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர்கூட இல்லாத இல்லங்களில், கேனுலாவுடன் முதியவர்களை இரவு முழுவதும் படுக்கவைக்க அனுமதிக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.