‘வெர்பு’க்கு அந்த உகரம் எதற்கு?

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. டியூஷன் பிள்ளைகளுக்கு இனி ஆங்கில இலக்கணமும் நீயே எடுக்கப் போகிறாயாமே, சந்தோஷம். பாடத்துக்கு முன் அந்த இலக்கணப் பெயர்களின் உச்சரிப்பைத் திருத்த நினைப்பதும் சரிதான்.

முதலில் ‘வெர்ப்’. வல்லினத்தில் சொல்லை முடிக்க நம் நாக்குக்கு வராது. ‘வெர்பு’ என்று உகரம் ஒட்டிக்கொள்ளும். ‘கம்பு’வில் வரும் ‘ப’தான் ஒலி. அதற்கு உதட்டை மூடியதும் அங்கேயே நிறுத்தச் சொல். திறந்தால் உகரம்.

பெரிய தொல்லை ‘கிளாஸ்’. ‘மெயின் கிளாஸ்’ என்றால் வகுப்பறையா (class), வாக்கிய உறுப்பா (clause)? வாக்கிய உறுப்புக்கு உதடு குவிந்து, ‘லா’வுக்கும் ‘லோ’வுக்கும் நடுவே உயிரொலி வரவேண்டும். கடைசி ஒலியும் வெறும் ‘ஸ்’ அல்ல. தொண்டையில் விரல் வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ சொன்னால் அதிர்வு இராது. நாக்கை அசைக்காமல் குரல் கொடுத்தால் விரலில் தெரியும். அதுதான் வேண்டிய ஒலி. சொற்றொடரைக் குறிக்கும் ‘ஃப்ரேஸ்’ முடிவதும் அப்படியே. காலத்தைக் குறிக்கும் ‘டென்ஸ்’ மட்டும் விலக்கு; அங்கே குரல் சேர்த்தால் பத்துகளைக் குறிக்கும் ‘டென்ஸ்’ ஆகிவிடும்.

எந்த அசையை ஓங்கிச் சொல்வது என்ற அழுத்தத்துக்கு ஒரு விதி போதும்: ‘ஷன்’ என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசை. கன்-ஜங்க்-ஷன், இன்-டர்-ஜெக்-ஷன், ப்ரெ-ப-ஸி-ஷன். கடைசிச் சொல்லின் ‘ஸி’யிலும் தொண்டை அதிரும், தொடக்கத்தை ‘ப்ரீ’ என்று நீட்டக் கூடாது. ‘ஆட்ஜெக்டிவ்’ இந்த விதியில் வராது. முதல் அசையில் அழுத்தவேண்டியதை நம்மவர்கள் ‘ஜெ’யில் அழுத்துகிறார்கள். ‘கம்பேர்’ நினைவில் ‘கம்பேர்-டிவ்’ என்பவர்களிடம், நடுவில் கிளியைக் குறிக்கும் ‘பேரட்’ முழுதாக இருக்கிறது என்று சொல்: கம்-பேரட்-டிவ், அழுத்தம் ‘பே’யில். ‘அபாஸ்ட்ரஃபி’க்கு நான்கு அசை, கடைசி ‘ஃபி’யை விழுங்கக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், உச்சரிப்பைக் குறிக்கும் சொல்லையே பலர் ‘ப்ரொநவுன்சியேஷன்’ என்கிறார்கள். அதில் ‘நவுன்’ கிடையாது; ப்ர-நன்-சி-யே-ஷன்.

அகராதி பார்க்கப் பழக்கும்போது ஒன்று கவனி. பெரும்பாலான அகராதிகளில் அழுத்தக் குறி மேலே சிறு கோடாக, அசைக்கு முன்னால் நிற்கும். அதை முந்தைய அசைக்கு உரியதாக எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஓர் அசை தள்ளிப் படிப்பார்கள்.

எச்சத்தைக் குறிக்கும் ‘பார்ட்டிசிப்பிள்’ பற்றிக் கேட்டிருந்தாய். முதல் அசையில் அழுத்தினாலும் இரண்டாவதில் அழுத்தினாலும் பிரிட்டிஷ் அகராதிகள் ஏற்கின்றன. யாரையும் திருத்தாதே.

அன்புடன்,
மூர்த்தி